மாமன் வீட்டுச் சிரிப்பு

என் மகள் ஒட்டன்சத்திரத்தில் வாய்விட்டுச் சிரிக்கிறாள் என்று மனைவி வந்து சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. சந்தோஷமும் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எரிச்சல்தான் முதலில் வந்தது.

கோடை விடுமுறைக்கு அவளைத் தாய்மாமன் வீட்டில் கொண்டுபோய் விட்டுச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. மனைவியின் செல்போனில் ஒரு வீடியோ வந்திருந்தது. மாமனுடைய காய்கறி மண்டி. தக்காளிப் பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்றுகொண்டு மகள் ஏலம் கூவுகிறாள். மாமனைப் போலவே ஒரு கையை இடுப்பில் வைத்து, மாமனைப் போலவே கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, விலையை இழுத்து இழுத்துச் சொல்கிறாள். சுமை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். கடைசியில் அவளுக்கே தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரிக்கிறாள். படம் பிடித்த மாமனின் குரல் மட்டும் கேட்கிறது: "போதும் அம்முணி, இதுக்கு மேல ஏத்துனா கேரளா யாவாரி ஓடியே போயிருவான்."

"என்னங்க, ஒண்ணும் சொல்லாம உக்காந்திருக்கீங்க? எம்புட்டு நாள் கழிச்சுச் சிரிக்கிறா!" என்றாள் மனைவி.

"பெட்டி மேல எதுக்கு ஏத்தி விட்டிருக்காரு? விழுந்தா?"

"பக்கத்துலயேதான் எங்கண்ணன் நிக்கிறாரு."

"அதான்."

"என்ன அதான்?"

நான் வீடியோவை மறுபடியும் ஓடவிட்டேன். அவள் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். போகிற வழியில், "பொறாமை புடிச்ச மனுசன்" என்று அடுப்படியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

போன ஆண்டு பள்ளி திறந்த சமயத்தில்தான் மகளுக்கு முதல் வலிப்பு வந்தது. ஒன்பதாம் வகுப்பு. சீருடை போட்டுக்கொண்டு இட்லி சாப்பிட உட்கார்ந்தவள், கையிலிருந்த துண்டைத் தட்டில் போட்டாள். என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்றுதான் நினைத்தேன். கண் என் பக்கம் இருந்ததே தவிர அதில் ஆள் இல்லை. பிறகு உடம்பு விறைத்துச் சாய்ந்தது. நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியன். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் இரும்பைக் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது என்று வகுப்பில் சொல்கிறவன். அன்றைக்கு என் கை என்னிடம் இல்லை. மனைவிதான் அவளை ஒருக்களித்தாள். எதிர்வீட்டுக்காரர் சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். நான் சாம்பார் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் யாராவது தட்டில் எதையாவது சத்தத்தோடு போட்டால் நான் முதலில் மகளின் கண்ணைத்தான் பார்க்கிறேன்.

இரண்டாவது முறை பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வந்தது. அதன் பிறகு ஊரிலேயே ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம். சோதனைகள் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மா லெவெடிராசிடம் என்ற மாத்திரையைக் காலையும் மாலையும் எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து வலிப்பு வரவில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரை என் மகளைக் கீழே விழாமல் பிடித்து நிறுத்தியது. ஆனால் அது நிறுத்திய பெண் வேறு ஒருத்தியாக இருந்தாள்.

நான் சோறு மெல்லுகிற சத்தம் அவளுக்கு ஆகவில்லை. செருப்பைக் கழற்றுகிற சத்தம் ஆகவில்லை. "சாப்டியா தாயி?" என்று கேட்டால், "சாப்டாம செத்தா போயிருவேன்?" என்று வரும். அம்மாவிடமும் கத்தினாள், தோழிகளிடமும் கத்தினாள். என்னிடம்தான் அதிகம். ஒருநாள் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன். ஜியாமெட்ரி பெட்டி சுவரில் போய் விழுந்தது. "உங்க குரலே எனக்குப் பிடிக்கல, தள்ளிப் போங்க" என்றாள். கத்திவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுவாள். முகம் கழுவிக்கொண்டு வருவாள், யாரையும் பார்க்க மாட்டாள். முன்பு நான் பள்ளியிலிருந்து வந்தால் என் சட்டைப்பையில் கைவிட்டுச் சாக்பீஸ் துண்டைத் தேடுகிற பெண் அவள்.

மருத்துவரிடம் சொன்னேன். "சில பிள்ளைங்களுக்கு இந்த மருந்துல எரிச்சல், கோபம் வரும் சார். வைட்டமின் பி ஆறு சேர்த்துப் பார்ப்போம், சிலருக்குக் கேட்கும். குறையலைன்னா மாத்தலாம். நீங்களா மட்டும் நிறுத்திராதீங்க" என்றார். வைட்டமின் சேர்த்தும் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. ஆனால் மாற்றலாம் என்ற பேச்சை எடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. மாற்றுகிற நாட்களில் மறுபடியும் அந்தக் கண்ணைப் பார்க்க நேர்ந்தால்? கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும், விழாமல் இருந்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

அந்த மாதங்களில் நான் படித்ததற்குக் கணக்கில்லை. பதினொன்றாம் வகுப்புக்கு நரம்பு மண்டலம் நடத்துகிறவன் நான். கரும்பலகையில் இரண்டு நரம்புச் செல்களின் முனைகளை வரைவேன். நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி. இந்தப் பக்கத்து முனையில் சின்னச் சின்னப் பைகள். பைக்குள் நரம்புணர்வு கடத்திகள் என்கிற வேதிப்பொருள்கள். சேதி வந்து சேர்ந்ததும் பை திறந்து பொருள் இடைவெளியில் கொட்டும், அந்தப் பக்கத்துச் செல் அதை வாங்கிக்கொள்ளும். குளுட்டமேட் வந்தால் அடுத்த செல் ஓடும், காபா வந்தால் நிற்கும். டோபமினும் செரட்டோனினும் ஆசை, ஊக்கம், மனநிலை என்று எல்லாவற்றிலும் கை வைக்கும். ஐந்து மதிப்பெண் கேள்வி. படம் வரைந்து பாகம் குறித்தால் முழு மதிப்பெண். எத்தனையோ பிள்ளைகளுக்கு வாரி வழங்கியிருக்கிறேன்.

லெவெடிராசிடம் அந்தப் பைகளின் மேலிருக்கும் ஒரு புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. செல்கள் கட்டுப்பாடில்லாமல் ஓடும்போது கொட்டுகிறதை மட்டுப்படுத்துகிறது. அதனால் வலிப்பு அடங்குகிறது. நல்லது. ஆனால் அதே பைகள் மூளை முழுக்க இருக்கின்றன. கோபத்தை அடக்குகிற இடத்திலும் இருக்கின்றன, அப்பா வந்துவிட்டார் என்று சந்தோஷப்படுகிற இடத்திலும் இருக்கின்றன. அங்கே எது எவ்வளவு குறைகிறது, டோபமினா, செரட்டோனினா, காபாவா, ஏன் ஒரு பிள்ளைக்கு எரிச்சல் வருகிறது இன்னொரு பிள்ளைக்கு வரவில்லை என்பதை ஒருவரும் அடித்துச் சொல்லவில்லை. மற்ற மருந்துகளைப் பற்றியும் படித்தேன். வால்ப்ரோயேட் காபாவைக் கூட்டும், ஆனால் பெண்பிள்ளைகளுக்கு அதைக் கூடியவரை தவிர்ப்பார்கள், பின்னாளில் கருவுக்கு ஆகாது. அது சிலருக்குக் கைநடுக்கம்கூடக் கொண்டுவருமாம். கார்பமசிபைனும் லாமோட்ரிஜினும் செல்லுக்குள் சோடியம் போகிற வாசலை அடைக்கும், குளுட்டமேட் அதிகமாகக் கொட்டாது. எலிகளின் மூளையில் டோபமின் ஏறியது, இறங்கியது என்று ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு செய்தி இருந்தது. எலிக்கு வீட்டுப்பாடம் கிடையாது, அப்பாவும் கிடையாது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இவ்வளவு படித்ததில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் ஒரு வாக்கியம்தான். கத்துவது அவள் இல்லை, மாத்திரை. தினமும் எனக்கு நானே அதைச் சொல்லிக்கொண்டேன். ஆறுதலோடு ஒரு வன்மமும் சேர்ந்தே இருந்தது. பெற்று வளர்த்த எனக்குத் திறக்காத கதவுகளை அந்த மாத்திரை தண்ணீரோடு இறங்கிப் போய்த் திறந்துகொள்கிறதே என்று அதன் மேலேயே பொறாமைப்பட்டேன். ஆசிரியர் அறையில் கணக்கு ஆசிரியர் தன் மகளுக்கு ஸ்கூட்டி பழக்குவதைப் பற்றிச் சொல்வார். "பிரேக்கைப் புடிக்கச் சொன்னா என் காலைப் புடிக்குது சார் அது" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். என் மகளுக்கு இப்போதைக்கு வண்டி கிடையாது, கிணற்று நீச்சல் கிடையாது, தனியாக மொட்டைமாடி கிடையாது. அவர் மகள் நல்ல பெண். அவள் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டாள் என்று கேட்ட அன்று, எனக்குள் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இப்படியிருக்கும்போதுதான் அந்த வீடியோ. ஒட்டன்சத்திரத்திலும் அதே மாத்திரைதானே? அதே காலை, அதே மாலை. அங்கே சிரிக்கிறாள் என்றால், இங்கே கத்த வைத்தது மாத்திரை இல்லை. நான்.

தாய்மாமன் என்றால் எங்கள் பக்கத்தில் தகப்பனுக்கு ஒரு படி மேல். காது குத்துகிறபோது பிள்ளை அவர் மடியில் உட்கார வேண்டும். என் மகள் அப்படித்தான் உட்கார்ந்தாள், அழுதாள், அவர் தோளிலேயே தூங்கினாள். பெரியமனுஷி ஆனபோது அவர்தான் வேன் நிறையச் சீர்வரிசைத் தட்டுகளோடு வந்து இறங்கினார், அவர் போட்ட மாலைதான் அவள் கழுத்தில் முதலில் விழுந்தது. நான் மண்டபத்து வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தேன். அதெல்லாம் வழக்கம், அதில் எனக்கு வருத்தமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். மகள் நோய்ப்பட்ட பிறகு அந்தப் படங்களைப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் அவர் நடுவில் இருக்கிறார், நான் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் ஒட்டன்சத்திரம் போகப் பழனி பஸ் ஏறினேன். பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். "லீவுல புத்தகமா? அவ மூஞ்சியிலயே எறிவா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போயிட்டு வாங்க. எங்கண்ணன்கிட்ட வம்பு இழுக்காதீங்க" என்றாள். ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் முருங்கைத் தோப்புகள் வந்தன. அவள் என்னைப் பார்த்ததும் முகம் எப்படிச் சுருங்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன். உள்ளே போகாமல் வாசலிலேயே புத்தகத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அவள் கொல்லைப்புறத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் அத்தை, மாமனின் மனைவி, ஈரக் கூந்தலை விரித்துச் சாம்பிராணிப் புகை காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மகள் புகைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தாள்.

"அப்பா! அத்தை, எங்கப்பா வந்துருக்காரு. ஏம்ப்பா, பஸ்ல சீட்டு கெடச்சுச்சா, இல்ல கண்டக்டரு உங்க பழைய ஸ்டூடண்டா?"

"சீட்டு கெடச்சுச்சு" என்றேன்.

"அப்ப ஸ்டூடண்ட் இல்ல. ஸ்டூடண்டா இருந்தா நிக்க வெச்சுருப்பான்."

அத்தை சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் எழுந்து வந்து என் கையிலிருந்த பையைப் பிடுங்கி உள்ளே பார்த்தாள். புத்தகத்தைக் கண்டதும் எறியவில்லை. "இதுக்குத்தான் இம்புட்டு தூரமா?" என்று அதாலேயே என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். சாப்பாட்டுக்கு என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். என் இலையிலிருந்து கத்தரிக்காய் வெஞ்சனத்தை எடுத்துக்கொண்டாள். "அத்தை, எங்கப்பா மெல்லுறதக் கேளுங்க, மாடு வைக்கோல் திங்கிற மாதிரியே இருக்கும்" என்றாள். வீட்டில் எந்தச் சத்தத்துக்காக என்னை வேறு அறைக்குப் போய்ச் சாப்பிடச் சொன்னாளோ அதே சத்தம். நான் வேண்டுமென்றே இன்னும் சத்தமாக மென்றேன். அவள் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தாள்.

என் வாழ்நாளில் அவ்வளவு ருசியான சாப்பாட்டைச் சாப்பிட்டதில்லை. கை கழுவிக்கொண்டே, பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டேன். "காலைல மாத்திரை போட்டியா தாயி?"

அவள் சட்டென்று அத்தையைப் பார்த்தாள். அத்தை துளிக்கூடத் தயங்கவில்லை. "இன்னைக்கு எண்ணெய் தேச்சிருக்குதுங்களே அண்ணா. எண்ணெய் தேச்ச அன்னைக்கு எப்படீங்க இங்கிலீஷ் மாத்திரை குடுக்கறது?"

அந்த வீட்டில் அது பரம்பரை வழக்கமாம். எண்ணெய் குளிர்ச்சி, இங்கிலீஷ் மாத்திரை சூடு. இரண்டும் ஒரே நாளில் உடம்பில் சேர்ந்தால் ஜன்னி கண்டுவிடும். காய்ச்சலுக்குக்கூட எண்ணெய் தேய்த்த நாளில் மாத்திரை போட மாட்டார்கள். சரி, செவ்வாயும் வெள்ளியும்தானே பெண்பிள்ளைகளுக்கு எண்ணெய்க் குளியல் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அத்தை தொடர்ந்தார். "புள்ளைக்கு உடம்பெல்லாம் சூடுங்க. அந்தக் கோவமே சூட்டாலதானுங்க. அதான் உங்க மச்சான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தேச்சு விடச் சொன்னாருங்க. பாருங்க, எப்படித் தெளிஞ்சிருக்கறா."

ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்படியானால் பாதி நாட்கள் மருந்தே இல்லை.

மாமன் அப்போதுதான் மண்டியிலிருந்து வந்தார். தோளில் துண்டு, சட்டையெல்லாம் கொத்தமல்லி வாசம். "வாங்க மாப்ள! ஒரு போன் போட்டிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே."

"மாத்திரைய நிறுத்தியிருக்கீங்க மச்சான்."

"நிறுத்தலீங்களே. எண்ணெய் தேக்கற அன்னைக்கு மட்டுந்தான் இல்லீங்க."

"அந்த மாத்திரை ஒரு நாளுக்கு மேல உடம்புல நிக்காது மச்சான். வேளைக்கு வேளை போட்டாத்தான் மருந்து. இல்லைன்னா எந்த நேரமும் வரலாம். விட்டு விட்டுப் போட்டா இன்னும் மோசமா வரலாம்."

"வரலீங்களே மாப்ள. புள்ளையப் பாருங்க. இங்க வந்து எப்படிச் சிரிக்கறா. உங்க ஊட்ல இப்படிச் சிரிச்சாளா? சொல்லுங்க, சிரிச்சாளா?"

அவர் என்னைக் குத்த வேண்டுமென்று கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே பெருமை. அதனால்தான் அது ஆழமாக இறங்கியது.

"உங்க மண்டியில லாரி ரிவர்ஸ் எடுக்குற எடத்துல அந்தப் பெட்டி மேல ஏத்தி நிறுத்தினீங்க. அப்ப வந்திருந்தா?" என்றேன்.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மருத்துவரின் கிளினிக்குக்குப் போன் செய்தேன். நல்ல வேளையாக அவரே பேசினார். விட்டதற்கெல்லாம் சேர்த்து இரட்டையாகக் கொடுக்க வேண்டாம், இந்த வேளைக்கு உள்ளதை இப்போதே கொடுங்கள், நாளைக்கே அழைத்து வாருங்கள் என்றார். மகளின் பையிலிருந்து மாத்திரையை எடுத்து, தம்ளரில் தண்ணீரோடு அவளிடம் நீட்டினேன். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"வேண்டாம்பா."

"தாயி..."

"இங்க வந்துதான்ப்பா நான் நானா இருக்கேன். இதப் போட்டா மறுபடியும் அந்தப் பொண்ணாயிருவேன். உங்களப் பாத்தாலே கத்தணும்னு வரும். எதுக்குன்னு எனக்கே தெரியாது. கத்திக்கிட்டே இருக்கும்போது உள்ள ஒருத்தி நிறுத்துடி, நிறுத்துடின்னு சொல்லுவா. நிறுத்த முடியாது. நான் வேணும்னு கத்துனேன்னு நெனச்சீங்களா?"

அந்த நிமிடத்தில் எனக்கு விடுதலை கிடைத்திருக்க வேண்டும். மாத்திரைதான், நான் இல்லை. அவளே சொல்லிவிட்டாள். ஆனால் என் மகள் திரும்பி வந்திருந்த நாட்கள் முழுவதையும் இந்த வீடு அனுபவித்திருக்கிறது. நான் வந்து ஒரு மணி நேரம் பார்த்தேன், அதையும் இப்போது என் கையாலேயே திருப்பி அனுப்ப வேண்டும்.

மாமன் எழுந்து வந்தார். என் உள்ளங்கையிலிருந்து மாத்திரையை எடுத்தார். "கண்ணு, மாமன் தப்புப் பண்ணிப்போட்டேன். உங்கப்பா சொல்றதுதான் சரி. போட்டுக்க சாமி" என்றார். அவள் அவர் கையைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், விழுங்கினாள்.

படித்தவன் நான். சரியாகச் சொன்னவன் நான். தப்புச் செய்த மனிதர் கையிலிருந்து அவள் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் மகளைத் தனியாக உட்காரவைத்து நெடுநேரம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, மருந்தை மாற்றுவோம் என்றார். லாமோட்ரிஜின் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் தோலில் கடுமையான தடிப்பு வரலாம், அது ஏறுகிறவரை பழைய மருந்தும் தொடரும், பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், அந்த இடைவெளியில் வலிப்பு வரவே வராது என்று வாக்குக் கொடுக்க முடியாது. இதையெல்லாம் அவர் நிதானமாகச் சொன்னார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"டாக்டர், அங்க அவ சிரிச்சது மாத்திரை விட்டுப்போனதாலயா, இல்ல மாமா வீடுங்கிறதாலயா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க பயாலஜி சார்தானே? பிடிச்ச எடத்துல, பிடிச்சவங்களோட இருந்தாலும் மூளையில அதே டோபமின்தான் சார் வேலை செய்யுது. எது மருந்தால, எது மாமாவாலன்னு பிரிச்சுக் காட்ட என்கிட்ட டெஸ்ட் கிடையாது" என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தப் பதிலை மென்றுகொண்டே வந்தேன். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இப்படி எழுதினால் நான் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

பள்ளி திறந்தது. காலையில் அவள் கைகளில் தடிப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பேன். "நான் என்ன மாம்பழமா, திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க?" என்று சீறுவாள். மாமன் ஒட்டன்சத்திரத்திலிருந்து மாத்திரை நேரத்துக்குத் தவறாமல் போன் செய்ய ஆரம்பித்தார். குற்ற உணர்ச்சி. அவர் வீட்டில் எண்ணெய்க் குளியலுக்கும் மாத்திரைக்கும் இருந்த பகை அதோடு முடிந்துபோனது என்று மனைவி சொன்னாள். மாத்திரையையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு நான் அவள் எதிரே நிற்பேன். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "இந்தா போடுறேன் மாமா... போட்டுட்டேன் மாமா" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே விழுங்குவாள். தம்ளரை மட்டும் என்னிடம் திருப்பித் தருவாள்.

"போன வெச்சுட்டுப் போடக் கூடாதா?" என்று மனைவியிடம் ஒருநாள் கேட்டேன்.

"போட்டாளா இல்லையா? அதப் பாருங்க" என்றாள் அவள். "எங்கண்ணன் போன் பண்ணாட்டி, அக்கறை இல்லம்பீங்க."

பழைய மருந்து குறையக் குறையக் கத்தல் குறைந்தது. எந்த நாளில் என்று சொல்ல முடியாது. ஒரு வாரம் கடந்த பிறகுதான், இந்த வாரம் கதவு அறையப்படவில்லையே என்று நினைவுக்கு வந்தது. பழைய மருந்து முழுவதும் நின்றபோது நான் தினமும் அவள் கையிலிருக்கும் இட்லித் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலிப்பு வரவில்லை. இதுவரை வரவில்லை. இந்த வாக்கியத்தை எழுதவே எனக்குப் பயமாக இருக்கிறது.

காலாண்டுத் தேர்வு முடிகிற சமயம். ஞாயிற்றுக்கிழமை, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் எதிரே வந்து நின்றாள்.

"லீவுக்கு மாமா வீட்டுக்குப் போறேன்."

"வேண்டாம். இங்கயே இரு."

"ஏன்?"

"புது மருந்து. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

"டாக்டரே போலாம்னுட்டாங்க. அம்மா கேட்டுட்டாங்க."

"நான் வேண்டாங்கிறேன்ல?"

அவள் முகம் சிவந்தது. குரல் உயர்ந்தது. என் உடம்பு பழக்கப்பட்ட மாதிரியே ஒடுங்கியது. மருந்துதானோ, அளவு போதவில்லையோ, மறுபடி ஆரம்பமோ என்று நான் அவள் கண்ணைத் துழாவியதை அவள் பார்த்துவிட்டாள்.

"அப்படிப் பாக்காதீங்க. மாத்திரை மேல பழியப் போடாதீங்க. இது நான்தான். எனக்கு உங்க மேலதான் கோவம்."

நான் சிவப்புப் பேனாவை மூடினேன்.

"மாமா மேல உங்களுக்குப் பொறாமை. அம்மா சொல்றாங்க."

"ஆமா" என்றேன்.

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. "எதுக்குப்பா?"

"நீ நல்லா இருந்த நாளையெல்லாம் அவருதான பாத்தாரு."

அவள் யோசித்தாள். அவள் அம்மாவைப் போல உதட்டை ஒரு பக்கம் கடித்துக்கொண்டு யோசித்தாள். "மத்த நாளையெல்லாம் நீங்கதான பாத்தீங்க" என்றாள். ஆறுதலாகச் சொல்லவில்லை. தராசில் இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது என்று வைக்கிற மாதிரி, மண்டியில் நின்று பழகியவள்போலச் சொன்னாள். பிறகு, "அப்ப நான் போறேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

அது எனக்குப் போதுமா என்றால், போதவில்லை. மற்ற நாட்களைப் பார்த்தவன் என்ற பட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்கும் தக்காளிப் பெட்டியும் ஏலமும்தான் வேண்டியிருந்தது. ஆனாலும் விடுமுறை விட்ட அன்று அவளைப் பஸ் ஏற்றிவிடக் கிளம்பினேன். மாத்திரைகளை நான் எடுத்துவைக்கப் போனபோது அவள் என் கையைத் தட்டிவிட்டாள். காலைக்கு உள்ளதையும் மாலைக்கு உள்ளதையும் அவளே தனித்தனியாகப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.